காலியான பைபாஸ் எங்கே இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 19. 150 சிசி பைக் வைத்திருக்கிறேன். வீலிங் கற்றுக்கொள்ள ரொம்ப ஆசை. தைரியம் இருந்தால் ஒரே மாதத்தில் வந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். விடியற்காலையில் அவிநாசி பைபாஸ் காலியாகத்தான் கிடக்கும். அங்கே பழகலாமா? எப்படி ஆரம்பிப்பது?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: காலியாகக் கிடக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்த ரோட்டில் யார் யார் போகிறார்கள் என்று நான் சொல்கிறேன். உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டும் கத்தரிக்காய் மூட்டையுமாக டிவிஎஸ் எக்ஸெல்லில் போகும் விவசாயி. மூட்டைக்குப் பின்னால் இடுங்கி உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி. பனியன் கம்பெனி முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன். அந்த வேனுக்காகச் சர்வீஸ் ரோட்டு முனையில் டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்கள். பால்கேன் கட்டிய பைக். பூ மார்க்கெட்டுக்கு விரைகிறவர். ராத்திரி முழுக்க ஓட்டிக் கண் எரிந்துபோய், ஒரு டீக்கடை வராதா என்று தேடிக்கொண்டு வரும் லாரி டிரைவர். சர்க்கரைக்காக நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய பெரியவர். இவர்களில் யாரும் உங்கள் கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஊர் தூங்கும்போது ரோட்டில் இருப்பவர்கள், வேறு நேரத்தில் வர வழியில்லாதவர்கள். ரோடு அவர்களுடையது.

வீலிங்கில் முன்சக்கரம் எழும்பிவிட்டால் பைக்கில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, உடம்பைச் சாய்த்துத்தான் கொஞ்சம் திசை மாற்ற முடியும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, அதுவும் காற்றில் சுற்றும் சக்கரத்தில் இருக்கிறது. போதாததற்கு மீட்டரும் டேங்க்கும் கண்ணுக்கு நேரே வந்து எதிரே இருக்கும் ரோட்டை மறைக்கின்றன. ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது. இருட்டு விலகாத நேரத்தில், பின்விளக்கு எரியாத அந்த எக்ஸெல் உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, நண்பர்கள் சொன்ன தைரியத்துக்கு வருகிறேன். வீலிங்குக்கு முதலில் வேண்டியது வலது கால். பின் பிரேக்கின் மேல் அது எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் சேர்ந்து பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும் புள்ளி ஒன்று உண்டு. அதற்குக் கீழே இருக்கும்வரை ஆக்சிலேட்டரை விட்டால் முன்சக்கரம் தானாக இறங்கும். அதைத் தாண்டிவிட்டால் ஆக்சிலேட்டரை விட்டுப் பயனில்லை. வண்டியைத் திரும்ப இறக்கக்கூடியது பின் பிரேக் ஒன்றுதான். புதிதாகப் பழகுகிறவர்கள் மல்லாந்து விழுவது இங்கேதான். உடம்பு பின்னால் சரிகிறது, விழாமல் இருக்க ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்கிறோம், இழுக்கும்போது மணிக்கட்டு மடங்கி ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கிறது. எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் அந்தக் கணத்தில் கை இப்படித்தான் செய்யும். அதனால்தான் ஒழுங்காகக் கற்றுத்தருபவர்கள் சக்கரம் ஒரு சாண் எழும்பியதும் பிரேக்கை மிதித்து இறக்கவே முதலில் பழக்குகிறார்கள். யோசிக்காமல் கால் தானாக மிதிக்கும்வரை அதற்கு மேல் உயரம் கிடையாது. அப்புறம், இறங்கும்போது முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும். கோணலாக இறங்கினால் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வெட்டி ஆளைத் தூக்கிப் போடும்.

உங்கள் 150 சிசி வண்டியில் ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கினால் முன்சக்கரம் லேசில் எழும்பாது. கிளட்சைப் பிடித்து, இஞ்சினை முறுக்கி, சட்டென்று விட்டால்தான் எழும்பும். அப்படிப் பழகினால் கிளட்ச் பிளேட் கருகும், செயின் தளரும். தரையில் மோதி மோதி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீலும், ஹேண்டில்பார் திரும்ப உதவும் கோன் செட்டும் போகும். மெக்கானிக் பில் யார் கையில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதையே தொழிலாகச் செய்கிறவர்களின் வண்டி கடையில் வாங்கிய வண்டி அல்ல. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பெரிதாக, கையால் பிடிக்கும்படி இன்னொரு பின் பிரேக், வண்டி மல்லாந்துவிடாமல் தரையில் ஊன்றிக்கொள்ளப் பின்னால் ஒரு கம்பி, இஞ்சினைச் சுற்றிக் கூண்டு என்று எல்லாம் மாற்றியிருப்பார்கள்.

சாதனை படைத்தவர்கள் எங்கே ஓட்டினார்கள் என்றும் பாருங்கள். 1984இல் அமெரிக்காவின் டக் டொமோகோஸ் 233 கிலோமீட்டர் ஒற்றைச் சக்கரத்தில் போனார். இடம், அலபாமாவில் உள்ள டல்லடேகா பந்தயத்தடம். 1991இல் ஜப்பானின் யசுயுகி குடோ அதைத் தாண்டி 331 கிலோமீட்டர் போனார். அவருக்கு மூடிய சோதனைத்தடம். அவர் ஓட்டிய ஹோண்டா டிஎல்எம் 220 வேகத்துக்கான வண்டியே அல்ல. பாறையிலும் மரக்கட்டையிலும் நிதானமாக ஏறி இறங்கும் ட்ரையல்ஸ் போட்டிக்கானது. அந்தப் போட்டிகளில் முன்சக்கரத்தைத் தூக்கத் தெரியாவிட்டால் குறுக்கே கிடக்கும் கட்டையைத் தாண்டவே முடியாது. அதனால் வீலிங்கை வெட்டி வேலை என்று ஒதுக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது அருமையான வித்தை.

பைக் விளம்பரங்களோடு எனக்குள்ள சண்டை பழைய வாசகர்களுக்குத் தெரியும். முப்பது விநாடி முழுக்க முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசியில் எறும்பு மாதிரி எழுத்தில் ‘தேர்ந்த வீரர்கள் செய்தது, நீங்கள் முயல வேண்டாம்’ என்று போடுகிறார்கள். தூக்கிய சக்கரத்தைக் காட்டித்தானே வண்டியை விற்கிறீர்கள்? வாங்கிய பிள்ளை அதை எங்கே போய்ப் பழகுவான் என்று ஒரு நிறுவனமாவது யோசித்ததா?

போலீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டியதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபருக்குப் பத்தாண்டு லைசென்ஸ் தடை வந்தது.

ஆனால் தடை மட்டும் போட்டால் போதுமா? ஓசூரிலும் ஒரகடத்திலும் பைக் செய்து உலகத்துக்கு அனுப்புகிற மாநிலம் இது. ஒரு காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது; பார்க்க ஜனம் திரண்டு போகும். இன்று இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தடம், உங்களுக்குப் பக்கத்தில் கோவை செட்டிப்பாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் ஒரு தடம். இரண்டும் காசுள்ளவர்களுக்கே எட்டும். மற்றவர்களுக்கு ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போடுவதோடு படிப்பு முடிந்தது. அவசரத்தில் பிரேக் பிடிப்பது எப்படி என்றுகூட யாரும் சொல்லித்தருவதில்லை. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ரோட்டை மூடி ஃபார்முலா 4 கார் பந்தயம் நடத்த அரசால் முடிந்தது. மாவட்டத்துக்கு இரண்டு ஏக்கர் தார்த்தளமும், ஒரு பயிற்சியாளரும், ஒரு ஆம்புலன்சும் தர முடியாதா?

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் நடக்கும். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் இதையே மனுவாகக் கொடுங்கள். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் இல்லாதவர்களை உள்ளே விடக்கூடாது என்றும் அதில் எழுதுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே முழுசாக அச்சிடுகிறேன்.