தீர்மானங்களால் என்ன பயன்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தண்ணீர் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். 2010-ல் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக அறிவித்ததை ஒரு பெரிய நிகழ்வாகச் சொன்னீர்கள். எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. நான் பாலாற்றங்கரைக்காரன். தோல் தொழிற்சாலைக் கழிவால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மாடுகூட வாய் வைப்பதில்லை. கிராமசபையில் தீர்மானம் போட்டுப் போட்டு நோட்டு நிரம்பியதுதான் மிச்சம். எங்கள் ஊர்த் தீர்மானத்துக்கே இந்தக் கதி என்றால் நியூயார்க்கில் போடும் தீர்மானம் யாரைக் கட்டுப்படுத்தும்? மீறினால் தண்டனை உண்டா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

எஸ்., வேலூர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

கிணறு கெட்டுப்போன ஒருவரிடம் 'உலகம் உங்கள் உரிமையை ஏற்றுக்கொண்டுவிட்டது' என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொதுச்சபைத் தீர்மானம் எந்த அரசையும் சட்டப்படி கட்டாது என்று நீங்கள் நினைப்பதும் சரியே. ஆனால் அதனால் பயனே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதற்கு, ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள போட்ஸ்வானாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

அந்த நாட்டின் நடுவில் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. சுமார் 52,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரியது. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் காலங்காலமாக அங்கே வாழ்ந்துவந்தவர்கள் சான் மக்கள். 1961-ல் காப்பகம் அமைந்தபோது அவர்களும் அதற்குள்ளேயே வாழ்வார்கள் என்றுதான் கருதப்பட்டது. வருடம் முழுக்க ஓடும் ஆறு அங்கே கிடையாது. 1980களில் வைரம் தேடி வந்த டி பியர்ஸ் நிறுவனம் மொத்தோமெலோ என்ற இடத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டது. தேடல் முடிந்ததும் அது மக்களின் கிணறானது. 2002-ல் அரசு அவர்களை வெளியேற்றியபோது, பம்பு எஞ்சினையும் தண்ணீர்த் தொட்டியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. சிலர் திரும்பி வந்தார்கள். கிணறு அங்கேயே இருந்தது, இறைக்கத்தான் அனுமதி இல்லை. எங்கள் செலவிலேயே சரிசெய்து இறைத்துக்கொள்கிறோம், தடுக்காமல் இருந்தால் போதும் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்கும் அரசு மறுத்தது. காட்டுத் தர்பூசணியையும் வேர்களையும் பிழிந்துதான் நாக்கை நனைத்துக்கொண்டார்கள். தலைவலி, தலைசுற்றல், மலச்சிக்கல், ஓயாமல் அழும் குழந்தைகள் என்று அவர்கள் பட்ட பாடெல்லாம் வழக்கின் பதிவில் இருக்கிறது. அதே காப்பகத்துக்குள் சுற்றுலாப் பயணிகளின் விடுதியில் நீச்சல் குளம் இருந்தது. அதைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

2010 ஜூலை 21 அன்று உயர் நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வசதிகள் இருக்கும் இடத்தை விட்டுத் தொலைவில் போய் வாழ்வது அவர்களே எடுத்த முடிவு, கஷ்டமும் அவர்கள் தேடிக்கொண்டதே என்பது தீர்ப்பின் சாரம். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 28 அன்று, பொலிவியத் தூதர் பாப்லோ சோலோன் கொண்டுவந்த தீர்மானம் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு கோச்சபாம்பா நகரில் தண்ணீர்க் கட்டணத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கி, தனியாருக்குக் கொடுத்த ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வைத்த மக்களின் நாடு பொலிவியா. தீர்மானத்துக்கு ஆதரவாக 122 நாடுகள் வாக்களித்தன. இந்தியாவும் அதில் உண்டு. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. அமெரிக்கா, பிரிட்டன், கனடாவோடு போட்ஸ்வானாவும் ஒதுங்கியது.

2011 ஜனவரி 27 அன்று போட்ஸ்வானாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சான் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தண்ணீர் இறைக்க விடாதது இழிவாக நடத்துவதே, அரசியல் சட்டம் அதைத் தடுக்கிறது என்றது. அந்தத் தீர்ப்பில் பொதுச்சபையின் தீர்மானம் எடுத்தாளப்பட்டிருக்கிறது. தன் அரசு கைதூக்க மறுத்த தீர்மானத்தை ஆறே மாதத்தில் அந்நாட்டு நீதிபதிகள் கையிலெடுத்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் மொத்தோமெலோவில் மறுபடியும் தண்ணீர் வந்தது.

தீர்மானத்தால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டுத் தண்ணீர்ச் சட்டமும் அரசியல் சட்டமும்தான் தீர்ப்பைத் தாங்கி நிற்கின்றன. அதோடு, தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை நீதிமன்றம் அரசின் தலையில் வைக்கவும் இல்லை. அவர்கள் செலவில் அவர்களே இறைத்துக்கொள்ள வேண்டியதுதான். சான் மக்களின் துயரமும் அதோடு தீரவில்லை. 2021 இறுதியில் இறந்த ஒரு முதியவரைக் காப்பகத்துக்குள் முன்னோர் மண்ணில் அடக்கம் செய்ய நீதிமன்றங்கள் அனுமதிக்கவில்லை. ஆட்சி மாறி, 2024 டிசம்பரில்தான் அது முடிந்தது. ஆனாலும், குடிக்கத் தண்ணீர் கேட்பது சலுகை கேட்பது என்ற வாதத்தை 2010 ஜூலைக்கு முன்பு சொல்வது எளிதாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நீதிமன்றத்தில் நின்று அதைச் சொல்வது கடினமாகிவிட்டது. தீர்மானம் செய்தது இதைத்தான், தாகத்தோடு வழக்காடுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி உங்கள் பாலாற்றுக்கு வருகிறேன். 1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று அந்தத் தீர்ப்பு ஏற்றது. நீதிபதி குல்தீப் சிங் அதற்குத் துணைக்கு அழைத்தவற்றில், ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடுகள் வெளியிட்ட 1972 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் 1992 ரியோ பிரகடனமும் உண்டு. இரண்டு பிரகடனங்களும் யாரையும் கட்டுப்படுத்தாதவை, நீங்கள் சொல்லும் அதே ஏட்டுச் சுரைக்காய்கள்தான். இன்று இந்தியாவில் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் இந்த இரண்டு கோட்பாடுகள் இல்லாமல் வாதம் நடப்பதில்லை. அவை இந்த நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் உங்கள் மாவட்டத்துக் கிணறுகளுக்கும் பங்குண்டு என்பதை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் பாலாறு இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறது என்பீர்கள். உண்மை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றமே மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இழப்பீடு போய்ச் சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுக்க வேண்டும், அரசு அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. இருபத்தெட்டு வருடத்துக்கு மேல் ஆனதற்கு ஸ்டாக்ஹோமும் ரியோவும் பொறுப்பில்லை. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய இடத்தில் இருந்தவர்கள்தான் பொறுப்பு. உங்கள் கோபம் அங்கே போக வேண்டும்.

உங்கள் கிராமசபை மார்ச் 22 அன்றும் கூடுகிறதல்லவா? அந்த நாளை உலகத் தண்ணீர் நாளாக்கியது 1992-ல் ஐ.நா. போட்ட ஒரு தீர்மானம். அடுத்த முறை கூடும்போது 2022 ஜூலை 28 அன்று பொதுச்சபை ஏற்ற 76/300-ஆம் எண் தீர்மானத்தையும் உங்கள் தீர்மானத்தில் சேருங்கள். தூய்மையான, நலமான சுற்றுச்சூழல் மனித உரிமை என்கிறது அது. 161 நாடுகள் ஆதரித்தன, எட்டு ஒதுங்கின, எதிர்ப்பு இல்லை. முந்தைய வருடம் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இதே பொருளில் வாக்களிக்காமல் ஒதுங்கிய இந்தியா, இந்த முறை ஆதரித்திருக்கிறது. கூடவே 1996, 2025 தீர்ப்புகளையும் குறிப்பிடுங்கள். நிரம்பிப்போன அந்த நோட்டின் பக்கங்களை ஊராட்சி முத்திரையோடு நகல் எடுத்து, கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையையும் இணைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடமாக ஊர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு எழுத்தில் உள்ள சாட்சி அந்த நோட்டு. இழப்பீடு வராத குடும்பங்களின் பட்டியலையும் அதோடு சேர்த்து முதலில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், செய்கிறேன்.