ஸ்டீல்ஸுக்கு வடக்கோ தெற்கோ, முதலில் பேஸ்மென்றுக்கு இறங்குங்கோ

கனடாவில் ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கிறோம், முதல் வீட்டை இங்கேயே பார்ப்பதா, மார்க்கத்துக்குப் போவதா என்று கேட்டிருந்தீங்கள் தம்பி.

இரண்டுக்கும் நடுவில் ஸ்டீல்ஸ் வீதிதான் எல்லை. வடக்கே மார்க்கம், தெற்கே ரொறன்ரோ (ஸ்காபரோ அதன் ஒரு பகுதி). அங்கே காணி மாற்ற வரியை, அதாவது வீடு வாங்கும்போது கட்டும் வரியை, ஒன்ராறியோ மாகாணமும் நகரசபையும் தனித்தனியே அறவிடும். வடக்கே மாகாணத்துக்கு மட்டும். 9 இலட்சம் டொலர் வீட்டுக்கு மாகாண வரி 14,475 டொலர். தெற்கில் வாங்கினால் அதே அளவு இன்னொரு தரம். முதல் வீடு என்றால் மாகாணம் 4,000, நகரசபை 4,475 வரை கழித்துவிடும். ஆனால் உலகத்தில் எங்கேயும் உங்களுக்கு வீடு இருந்திருக்கக்கூடாது. ஊரில் மனைவியின் பேரில் சீதன வீடு இருந்தால் அதுவும் கணக்கில் வரும். சட்டத்தரணியிடம் முதலே மறைக்காமல் சொல்லுங்கோ. இந்த வரியை வீட்டுக் கடனோடு சேர்க்க ஏலாது, கைக்காசாக வேணும்.

பள்ளிக்கூடத்துக்கு வீட்டு விளம்பரத்தை நம்பவேண்டாம். கல்விச்சபையின் இணையத்தளத்தில் வீட்டு இலக்கத்தைப் போட்டுப் பாருங்கோ. புதுக் குடியிருப்புகளில் பள்ளிக்கூடம் எழும்பும்வரை பிள்ளைகளைத் தூர இடத்துக்கு பஸ்ஸில் அனுப்புவார்கள். மார்க்கத்தில் ஓடும் யோர்க் பஸ்ஸில் இருந்து ரொறன்ரோவின் ரிரிசி பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ மாற 2024 பெப்ரவரி 26 முதல் இரண்டாவது கட்டணம் இல்லை. ஆகவே பஸ் செலவுக்குப் பயந்து மார்க்கத்தை விடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று மட்டும் பாருங்கோ.

இனி வீடு. எல்லாரும் குசினியைப் பார்த்து மயங்குவினம். நீங்கள் நேரே பேஸ்மென்றுக்கு (நிலக்கீழ் தளத்துக்கு) இறங்கி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கிற அறைக்குப் போங்கோ. பலகை அடித்து மூடாத சுவர் அங்கேதான் இருக்கும். கொங்கிறீட்டின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈரம் ஊறி வந்திருக்கிறது. ஃபர்னஸின் அடித்தகடு துருப்பிடித்திருந்தால் தரையில் தண்ணி நின்றிருக்கலாம். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ற் என்றால் ஏன் என்று கேளுங்கோ. பிறகு வெளியே போய், கூரைத் தண்ணி இறங்கும் குழாய் சுவரோடு முடிகிறதா, ஆறடி தள்ளி விடுகிறதா என்று பாருங்கோ. சுவரோடு விட்டால் அந்தத் தண்ணி உள்ளேதான் வரும்.

1960களின் நடுவில் இருந்து 70களின் கடைசிவரை கட்டின வீடுகளில் அலுமினிய மின்வயர் இருக்கக்கூடும். 1995 முதல் 2007 வரையான வீடுகளில் செம்மஞ்சள், நீலத் தண்ணிக் குழாய்களில் கைடெக் (Kitec) என்ற பெயர் அச்சடித்திருக்கிறதா பாருங்கோ. அதன் பித்தளை இணைப்புகள் அரித்து ஒழுகும். இரண்டுக்குமே காப்புறுதி நிறுவனம் முகம் சுழிக்கும், ஆகவே விலை பேச முதல் காப்புறுதியை விசாரியுங்கோ. சுடுதண்ணித் தாங்கி வாடகையா என்றும் கேளுங்கோ, வாடகை என்றால் அந்த ஒப்பந்தம் உங்கள் தலையில் வரும்.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டுகிற எண்ணம் இருந்தால், அது நகரசபையின் அனுமதி பெற்ற, ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டாவது குடியிருப்பா என்று எழுத்தில் வாங்குங்கோ. தனிவாசல் இருந்தால் மட்டும் சட்டப்படி ஆகாது. படுக்கையறை யன்னலைத் திறந்து அளவுநாடா பிடியுங்கோ: கட்டட விதிப்படி திறந்த இடம் 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. நெருப்புப் பிடித்தால் ஒரு ஆள் அதற்குள்ளால்தான் வெளியே வரவேணும்.

வாங்கின பிறகு, உறைபனி தொடங்க முதல் முற்றத்துக் குழாயின் உள் வால்வை மூடி, வெளியில் திறந்து தண்ணியை வடியவிடுங்கோ. மறந்தால் குழாய் சுவருக்குள் வெடிக்கும். வசந்தத்தில் திறக்கும்போதுதான் பேஸ்மென்ற் நனையும்.