அலுப்பூட்டும் வேட்பாளர்கள்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்ற ஆண்டு குடியுரிமை பெற்றேன். வரும் தேர்தலில் முதன்முதலாக வாக்களிக்கப்போகிறேன். அலுவலகத்துக்குக் காரில் போய்வரும் நேரம் முழுக்க வானொலியிலும் பாட்காஸ்டிலும் அரசியல் பேட்டிகளைத்தான் கேட்கிறேன். விமர்சகர்கள் பேசும்போது வண்டியை நிறுத்திய பிறகும் இறங்க மனம் வராமல் உட்கார்ந்திருப்பதுண்டு. ஆனால் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடுபவர்களின் பேட்டி வந்தால் இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. நிதி ஒதுக்கீடு, விதி, துணைவிதி என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள். உடனே நிலையத்தை மாற்றிவிடுகிறேன்.

1987-இல் வானொலிகளுக்கான நியாயக் கோட்பாட்டை நீக்கியதும் ரஷ் லிம்பா போன்ற வலதுசாரி வானொலிப் பேச்சாளர்கள் வந்ததும்தான் எல்லாச் சீரழிவுக்கும் காரணம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா? நம் ஊர் எஃப்எம் வானொலிகளிலும் இப்படிப்பட்ட அரசியல் பேட்டிகள் வந்தால் நல்லதுதானே? இத்தனை கேட்ட பிறகும் யாருக்கு வாக்களிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பேட்டியை வைத்து ஒருவரை எப்படி எடைபோடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் வாக்குக்கு என் வாழ்த்துகள். கலிஃபோர்னியாவின் 2003 ஆளுநர் தேர்தலைப் பற்றி எழுதுவதற்காகப் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

நியாயக் கோட்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பேசும் நிலையம் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற அந்த விதி 1949 முதல் 1987 வரை இருந்தது. அது போன மறு ஆண்டு லிம்பாவின் குரல் நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. எதிர்த்தரப்புக்கு நேரம் ஒதுக்கும்படி ஒரு நிலையத்தைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியும். உருப்படியான கேள்வியைக் கேட்க வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அது வேறு வழக்கு, இங்கே அதை இழுக்க வேண்டாம்.

என்னைச் சீண்டியது உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் வரும் அந்த ஒரு வரிதான். விமர்சகர் பேசினால் இறங்க மனம் வரவில்லை, வேட்பாளர் பேசினால் நிலையத்தை மாற்றுகிறேன் என்கிறீர்கள். பாட்டுக் கச்சேரிகளில் ஒன்றைத் தேர்வதுபோல இதை எழுதியிருக்கிறீர்கள். விமர்சகரின் பேச்சு இனிக்காமல் என்ன செய்யும்? அவர் சொன்னது பலிக்காவிட்டாலும் அடுத்த வாரம் அதே நாற்காலியில் அதே உற்சாகத்தோடு வந்து உட்காரலாம். வேட்பாளரோ ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், வென்றாலும் தோற்றாலும் அது அவர் முதுகில் ஏறிக்கொள்கிறது. ஆகவே தயங்குகிறார், சுற்றி வளைக்கிறார், ஒப்பிக்கிறார். அந்தத் தயக்கத்தில் ஒரு பங்கு கோழைத்தனம், ஒரு பங்கு பொறுப்பு. எது எது என்று பிரித்தறிவதற்காகத்தான் உங்களுக்கு வாக்குச்சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டாவது நிமிடத்திலேயே நிலையத்தை மாற்றிவிட்டு, யாருக்கு வாக்களிப்பது என்று தெரியவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

2003 செப்டம்பரில் நான் சாக்ரமெண்டோவில் பெரியப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணன் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். ஆளுநர் கிரே டேவிஸைப் பதவியிலிருந்து இறக்கலாமா, இறக்கினால் யாரை அமர்த்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அக்டோபர் 7 அன்று ஒரே வாக்குச்சீட்டில் விடையளிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது கேள்விக்கு 135 வேட்பாளர்கள். அந்தக் கிளர்ச்சியை ஊதி வளர்த்ததில் பேச்சு வானொலிக்குப் பெரும் பங்குண்டு. சான் டியேகோவில் ரோஜர் ஹெட்ஜ்காக், லாஸ் ஏஞ்சல்ஸின் கேஎஃப்ஐ நிலையத்தில் ஜான், கென் என்ற இரட்டையர், சான் பிரான்சிஸ்கோவில் மெலனி மார்கன் எனப் பல தொகுப்பாளர்கள் நாள்தோறும் அதையே பேசினார்கள். (ஹெட்ஜ்காக் தாமே 1985-இல் சான் டியேகோ மேயர் பதவியிலிருந்து விலக நேர்ந்தவர், ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.)

அவர்கள் கையிலெடுத்த ஆயுதம் கார் வரி. வண்டியின் மதிப்பில் 2 சதவீதமாக இருந்த அந்த ஆண்டுக் கட்டணத்தை, கஜானா நிரம்பி வழிந்த காலத்தில் 0.65 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். நிதிப் பற்றாக்குறை முற்றியதும் டேவிஸின் அரசு அதைப் பழைய 2 சதவீதத்துக்கே கொண்டுபோவதாக அறிவித்தது. 20,000 டாலர் மதிப்புள்ள காருக்கு 130 டாலர் கட்டியவர் இனி 400 டாலர் கட்ட வேண்டும். கோபம் வரத்தான் செய்யும், அண்ணனுக்கும் வந்தது. ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் மேசைக்குத்தான் அது வந்தது. நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டு, காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் பொது மருத்துவமனைக்கும் செலவாகிற தொகை அது. கட்டணத்தைக் குறைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி டாலரை மாநிலம் வேறெங்கிருந்தாவது எடுத்துத் தர வேண்டும்.

முதல் நாளிலேயே கார் வரியை ரத்து செய்வேன் என்று ஒவ்வொரு வேட்பாளரும் வானொலியில் சொல்லும்போதும் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு, அந்த 400 கோடி எங்கிருந்து வரும் என்று கேளுங்களேன் என்று முணுமுணுப்பார். தொகுப்பாளர் கேட்கமாட்டார். அது எவ்வளவு பெரிய அநியாய வரி என்று வேட்பாளரிடம் கருத்துக் கேட்பார். வேட்பாளர் தம் கருத்தைச் சொல்வார். இருவரும் ஒத்துப்போவார்கள். பிறகு விளம்பரம்.

ஒரு நாள் அண்ணன் பொறுமை இழந்து வண்டியை ஓரங்கட்டி அந்த நிலையத்தை அழைத்தார். அழைப்புகளை வடிகட்டும் பெண் எடுத்தார். நேயரின் பெயரையும் ஊரையும் சொல்லவரும் விஷயத்தையும் கேட்டுத் தட்டச்சு செய்து தொகுப்பாளரின் திரைக்கு அனுப்புவது அவர் வேலை. வரிக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று அந்தப் பெண் கேட்டார். இரண்டும் இல்லை, வேட்பாளரிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டும் என்றார் அண்ணன். ஆதரவா, எதிர்ப்பா என்று மீண்டும் கேட்டார். அண்ணன் மீண்டும் அதையே சொன்னார். காத்திருக்கச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் அழைத்தவர்கள் ஒலிபரப்பில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். மணியடித்துச் செய்தி நேரம் வந்ததும் இணைப்பு அறுந்தது.

அந்தத் திரையில் ஆதரவுக்கு ஒரு கட்டமும் எதிர்ப்புக்கு ஒரு கட்டமும் இருந்தன, கணக்குக்குக் கட்டம் இல்லை. நான் சொல்லவருவது அது ஒன்றைத்தான், நீங்கள் சலித்தாலும் மறுபடியும் சொல்வேன். வேட்பாளரை வானொலிக்கு அழைப்பது கணக்குக் கேட்பதற்காக. அழைத்த பிறகு அவரையும் ஒரு விமர்சகராக்கி, நடப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கருத்துக் கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். கருத்துச் சொல்வதில் விமர்சகரோடு போட்டியிட்டால் வேட்பாளர் தோற்கத்தான் செய்வார். கல்யாண வீட்டில் சமையலைக் குறை சொல்பவர் அளவுக்குச் சுவையாகப் பேச அடுப்படியில் நிற்பவரால் முடியாது. அப்புறம் நீங்கள் அவரை அலுப்பூட்டுகிறார் என்கிறீர்கள்.

திரைப்பட நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் 48.6 சதவீத வாக்குகளோடு வென்றார். நவம்பர் 17 அன்று பதவியேற்ற கையோடு கார் வரி உயர்வை ரத்து செய்தார். மறு ஆண்டு மார்ச்சில், மாநிலம் சுமந்துகொண்டிருந்த பற்றாக்குறையைச் சமாளிக்க 1,500 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு மக்களிடமே ஒப்புதல் கேட்டார், மக்களும் கொடுத்தார்கள். அந்தக் கடனை வட்டியோடு கட்டியவர்களில் 130 டாலரோடு தப்பித்ததாக நினைத்த கார் உரிமையாளர்களும் உண்டு. அண்ணனின் கேள்வி ஒரே ஒரு முறை ஒலிபரப்பில் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்கிறேன்.

இதைத் தொகுப்பாளர்களின் குணக்கேடு என்று மட்டும் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் பதவி போன்ற ஒன்றிய அளவிலான தேர்தல்களில் போட்டியிடுபவர்களுக்கு நிலையங்கள் நியாயமான அளவில் நேரம் தந்தே ஆக வேண்டும். மாநிலத் தேர்தல் வேட்பாளர்களுக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை. ஒருவருக்கு நேரம் கொடுத்தால் அவரை எதிர்த்து நிற்பவர்களுக்கும் சமவாய்ப்புத் தர வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு; 1959 முதல் செய்திப் பேட்டிக்கு அதிலிருந்தும் விலக்கு. 2003 செப்டம்பரில் ஹோவர்ட் ஸ்டெர்னின் நிகழ்ச்சியையே செய்திப் பேட்டி என்று வானொலிகளை ஒழுங்குபடுத்தும் தகவல்தொடர்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஆபாச வேடிக்கைக்குப் பெயர்போன நிகழ்ச்சி அது. மற்ற 134 பேருக்கும் நேரம் ஒதுக்காமலேயே ஷ்வார்ஸ்நெகரை அழைக்க அதனால் வழி பிறந்தது. ஆக, மாநில வேட்பாளருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் தொகுப்பாளர் பார்த்துக் கொடுப்பவை. கொடுத்தவரைப் பகைத்துக்கொள்ள அவருக்குத் துணிவில்லை, வந்தவரைச் சங்கடப்படுத்தித் துரத்த தொகுப்பாளருக்கும் விருப்பமில்லை.

அலை பாயும் தூரமும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவின் 80 சட்டமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் 50,000 வாட் நிலையம் ஒன்றின் குரல் பல தொகுதிகளைத் தாண்டிப் போகிறது. உங்கள் தொகுதியின் பள்ளியைப் பற்றிக் கேட்டால் மற்றத் தொகுதிக்காரர்கள் எல்லாரும் நிலையத்தை மாற்றிவிடுவார்கள் என்று தொகுப்பாளர் அஞ்சுகிறார். ஆகவே எல்லாருக்கும் பொதுவான வாஷிங்டன் சண்டைக்கே போகிறார், மாநில வேட்பாளரையும் அங்கேயே இழுத்துப்போகிறார். உங்கள் பகுதியின் கேஜிஓ 810 பல பத்தாண்டுகள் பேச்சு வானொலியாகக் கோலோச்சியது. 2022 அக்டோபரில், தேர்தல் நெருங்கிய வேளையில், அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டு விளையாட்டுப் பந்தய நிலையமாக மாறிப்போனது. நிலையத்தை மாற்றும் உங்கள் விரலுக்கும் அதில் பங்கில்லை என்று நினைக்காதீர்கள்.

விமர்சகரே வேட்பாளரானால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் மாநிலம் பார்த்துவிட்டது. 2021-இல் ஆளுநர் கேவின் நியூசமை இறக்க நடந்த தேர்தலில், பல்லாண்டுகள் வானொலியில் அரசியல் பேசிய லாரி எல்டர் மாற்று வேட்பாளராக நின்றார். பேச்சில் அவரை யாரும் மிஞ்சியிருக்க முடியாது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம் என்று சட்டத்தில் ஒன்று இருக்கவே கூடாது என்பதுபோல அவர் சொல்லிவந்த கருத்துகளுக்கு இப்போது கணக்குக் கேட்டார்கள். சொந்தக் கட்சி வேட்பாளர்களோடு நடந்த விவாத மேடைகளுக்கு அவர் வரவே இல்லை. மாற்று வேட்பாளர்களில் அவருக்கே மிக அதிக வாக்குகள், ஏறக்குறைய 48 சதவீதம். ஆனால் 62 சதவீதம் பேர் நியூசமை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அந்த வாக்குகள் ஏட்டோடு நின்றன.

பேட்டியை எடைபோடும் வழி கேட்டீர்கள். தொகுப்பாளரின் முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். அது முந்தைய பதிலிலிருந்து எழுகிறதா, கையிலுள்ள தாளிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். இதற்குமேல் அதில் வித்தை இல்லை.

ஆனால் நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய முன்மொழிவு 13-இன்படி, பள்ளிகளுக்கும் போகிற உங்கள் வீட்டின் சொத்து வரி, நீங்கள் வாங்கிய விலையின் அடிப்படையில் கணக்கிடப்பட்டு, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பு ஏறாமல் காக்கப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 1980-களில் வாங்கியவராக இருந்தால், அதே அளவு வீட்டுக்கு உங்கள் வரியில் ஒரு சிறு பகுதியைத்தான் கட்டுவார். 2003-இல் ஷ்வார்ஸ்நெகரின் ஆலோசகராக இருந்த பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் இந்த வரி மிகக் குறைவு என்று வாய்திறந்தார். இனி அதைப் பற்றிப் பேசினால் 500 சிட்-அப் எடுக்க வேண்டும் என்று பஃபெட்டிடம் சொல்லிவிட்டதாக ஷ்வார்ஸ்நெகர் செய்தியாளர்களிடம் கூறினார். எல்லாரும் சிரித்தார்கள், கேள்வி அங்கேயே செத்தது. 2020-இல் பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் இதைத் தளர்த்த வந்த முன்மொழிவு 15-உம் தோற்றது.

உங்கள் பகுதியின் பொது வானொலியான கேக்யூஇடி நிலையத்தின் காலை நிகழ்ச்சியான ஃபோரம் நேயர் அழைப்புகளை ஏற்கிறது. உங்கள் தொகுதி வேட்பாளர் எந்த வானொலிக்கு வந்தாலும், ஊர்க்கூட்டத்துக்கு வந்தாலும், அழைத்தோ நேரில் போயோ கேளுங்கள்: முன்மொழிவு 13-ஐ மாற்ற மக்களிடம் போவீர்களா, போகமாட்டீர்கள் என்றால் என் பிள்ளையின் பள்ளிக்குக் கூடுதல் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும்? ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லி உள்ளே நுழைந்துவிடுங்கள். அண்ணனைப்போல நேர்மை பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அவர் அலுப்பூட்டும்படி பதில் சொன்னால் முழுவதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். விமர்சகர்களைப் பற்றி எழுத வேண்டாம்.

அன்புடன்.