பழைய மலைச் சைக்கிளில் டிரயல்ஸ் பழகலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் நண்பர், தம் மாமா விட்டுச்சென்ற 1990களின் 26 அங்குல மலைச் சைக்கிளில் டிரயல்ஸ் (காலை ஊன்றாமல் தடைகளைக் கடக்கும் சைக்கிள் விளையாட்டு) பழகி, பின்னர் மன்றப் போட்டிகளில் இறங்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பழகலாம், ஆனால் போட்டிகளில் அதைக் கொண்டு நெடுநாள் சமாளிக்க முடியாது.

மோட்டார் சைக்கிள் டிரயல்ஸிலிருந்து பிறந்த இவ்விளையாட்டு, 1970களில் ஸ்பெயினின் கட்டலோனியாவில், மொன்டேசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்த பெரே பி என்பவர் தம் மகன் ஒட் பி என்பவருக்காகச் சிறு சைக்கிளை வடிவமைத்ததிலிருந்து தனி வடிவம் பெற்றது. வேகம் இதில் பொருட்டே அல்ல. பாறை, மரக்கட்டை, கான்கிரீட் திண்டு ஆகியவற்றால் அமைந்த ஒவ்வொரு பகுதியையும் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். மரபான முறையில் ஒருமுறை ஊன்றினால் 1 தண்டப்புள்ளி, பகுதியை முடிக்கத் தவறினால் 5. குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வார். (உலகப் போட்டிகள் இப்போது பகுதிக்குள் குறியிட்ட வாயில்களைக் கடப்பதற்குப் புள்ளி கூட்டும் முறைக்கு மாறிவிட்டன.)

பழைய சைக்கிளின் சிக்கல் அதன் வயது அன்று, வடிவமே. நீண்ட சட்டமும் உயர்ந்த இருக்கையும் பின்சக்கரத்தில் நின்று துள்ளுவதற்கு இடைஞ்சலாகும். டிரயல்ஸ் சைக்கிளில் பெரும்பாலும் இருக்கையே இராது. ஆகவே இருக்கையை முழுவதும் இறக்கி, தாழ்ந்த கியரில் வைத்து, டயர்க் காற்றைச் சற்றே குறைத்து, பிரேக்கை மட்டும் தயங்காமல் புதுப்பியுங்கள், ஏனெனில் சக்கரம் இம்மியும் நழுவாமல் பிடிப்பதே இங்கு உயிர்நாடி. அசையாமல் நிற்கும் பயிற்சியைப் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பூங்கா இணைப்புப் பாதையிலோ செய்யாமல், அனுமதியுள்ள திறந்தவெளியில் செய்யுங்கள்.