மதுரைப் பக்கத்துக் காடுகளில் இயற்கையான ஈரநிலங்கள் உண்டா? அங்கே என்ன செடிகள் வளரும், அவற்றை எப்படிக் காப்பது?

உண்டு. ஆனால் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை அளவுக்கு எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். நம் பக்கத்துக் காடு பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடும் முட்புதரும். அதற்குள்ளே பாறை இடுக்கில் ஒரு சுனை, மழைக்கு மட்டும் ஓடும் ஓடையின் வளைவில் ஒரு பள்ளம், ஊற்று கசிந்து சொதசொதவென்று கிடக்கும் ஒரு துண்டு அடிவாரம், இவைதான் ஈரநிலம். அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், ராக்காயி அம்மன் கோயிலை நெருங்கும்போதே காற்றும் நிழலும் வேறாகிவிடும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக் குன்றுகளில் மட்டும் 200 இயற்கைச் சுனைகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது.

சரி, செடிகளுக்கு வருவோம். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஓர் அடிவாரப் பள்ளத்தின் கரையில் நின்று பாருங்கள். ஆழமான நடுவில் வேலம்பாசி முங்கிக் கிடக்கும், மேலே அல்லியும் கொட்டியும் இலை விரித்திருக்கும். அதைவிட ஆழம் குறைந்த இடம் கோரைக்கும் சம்புக்கும். சேற்று ஓரத்தில் நீர்முள்ளி, பொன்னாங்கண்ணி, வல்லாரை. கரையேறினால் நீர்மருதும் நாவலும் புங்கமும். யார் எங்கே நிற்பது என்பதைத் தண்ணீரின் ஆழமும் அது எத்தனை நாள் நிற்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது ஆரைக்கீரைதான். தண்ணீர் இருக்கும்போது நான்கு சிற்றிலைகளும் மேலே மிதக்கும். தண்ணீர் வடிந்ததும் அதே செடி சேற்றில் காம்பு நிமிர்த்தி நிற்கும், பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்ளும். அடியில், காம்பை ஒட்டி, பயறு போல் கெட்டியான சிறு காய்கள் இருக்கும். இது பூக்காத பெரணி இனம், அந்தக் காய்க்குள் இருப்பவை விதைகள் அல்ல, தூள் போன்ற வித்துகள் (ஸ்போர்கள்). குளம் காய்ந்து வெடித்தாலும் வருடக்கணக்கில் அப்படியே கிடந்து, அடுத்து தண்ணீர் பட்டதும் முளைக்கும். அப்புறம், அதிர்ஷ்டம் இருந்தால், நீர் கசியும் பாறையில் விரற்கடை மண்ணில் அழுகண்ணியைப் பார்க்கலாம். சத்தில்லாத மண் என்பதால் இலையில் பசைத்துளி வைத்துப் பூச்சி பிடித்துச் சாப்பிடும் செடி.

வற்றிய குளத்தை விட்டுப் பறவை பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் அங்கேயே இருக்கும் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அது வெறும் உவமை என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றின் கிழங்குகள் சேற்றுக்குள் உயிரோடுதான் கிடக்கின்றன. இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் வருவது எவ்வளவு முக்கியமோ, வடிவதும் அவ்வளவு முக்கியம். சித்திரையில் காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு "செத்துப்போச்சு, சரி பண்ணுவோம்" என்று கிளம்புவதில்தான் பாதி நாசம் நடக்கிறது.

எங்கள் ஊர் ஓடைப் பள்ளம் ஒன்றை நல்ல மனதோடுதான் ஜேசிபி விட்டுத் தோண்டினார்கள். சரிவாக இருந்த ஓரம் போய், சுவர் மாதிரி செங்குத்தான கரை வந்தது. தண்ணீர் முன்னைவிட அதிகம் நிற்கிறது, ஆரையும் கோரையும் காணோம். இப்போது அங்கே இருப்பது ஆகாயத்தாமரை. கண்மாயில் தூர்வாருவது வேறு விஷயம். அது மனிதர் கட்டியது, மண் மேவும், கரம்பை எடுத்தால் வயலுக்கும் நல்லது. சுனைக்கும் கசிவுக்கும் அந்த வைத்தியம் ஆகாது. படித்துறை கட்டுவதும், சிமெண்ட் பூசுவதும், ஈரம் இருக்கிறதே என்று குழி தோண்டி மரக்கன்று நடுவதும் அப்படித்தான்.

கைவைத்தே தீர வேண்டும் என்றால் சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு மேல் வையுங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி மட்டும் விட்டால் கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது கன்றாகவே வேரோடு பிடுங்குவது சுலபம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. 2017 ஈரநில விதிகள் பாசனத்துக்கென்று கட்டிய கண்மாய்களைச் சேர்க்கவில்லை. காட்டுக்குள் இருப்பவற்றையும் வனச் சட்டங்களிடம் விட்டுவிட்டன. ஆக, காட்டுக்கும் பட்டா நிலத்துக்கும் நடுவே கிடக்கிற சின்னச் சுனைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்குத் தெரிந்து கைக்கெட்டுகிற கருவி 2002 பல்லுயிர்ச் சட்டம்தான். அதன்படி ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது ஊரின் உயிரினங்களையும் அவை வாழும் இடங்களையும் பதிகிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுத வேண்டும். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனதும் இதே சட்டத்தின் கீழ்தான். 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர்க்காரர்களுக்கு அந்த அறிவிப்பு நல்ல பிடிமானமாக இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

உங்கள் ஊர்ப் பதிவேட்டில் சுனைகள் பெயரோடு இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால், எழுதப் போகும்போது ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தச் சுனை சித்திரையிலும் வற்றாது, எதில் எந்த மாதம் எந்தக் கீரை தழைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மழைக்குப் பின் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து மாதத்தையும் குறித்து வையுங்கள்.