கணக்கு நோட்டில் கறுப்புக் கட்டங்கள்

சகோதரி, கோத்தகிரியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் கட்டம் போட்டுக் கறுப்படிக்கிறான். "உள்ளுக்குள் கோபம் குமுறுகிறது" என்று உறவினர் பயமுறுத்திவிட்டார் என்கிறீர்கள். கிறுக்கலில் கட்டம் வரைந்தால் பிடிவாதம், கண் வரைந்தால் சந்தேகம் என்பதெல்லாம் கிளி ஜோசியத்துக்குத் தங்கை.

பிரிட்டன் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிப் பதிவைக் கேட்டபடியே வடிவங்களுக்குள் தீட்டிக்கொண்டிருந்தவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். (பங்கேற்றவர்கள் 40 பேர்தான், அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம்.) ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர எதுவும் தெரியாத மழைக்கால வகுப்பறையில் பேனா சும்மா இருக்குமா?

நோட்டைப் பிடுங்காதீர்கள். சாப்பாடும் தூக்கமும் நண்பர்களோடு பேசுவதும் குறைந்திருந்தால் அவனிடமே கேளுங்கள். அப்போதும் படத்தைக் காட்டி விசாரணை வேண்டாம்.