வரலாறு படித்தால் டாக்டராக முடியாதா?

அன்புள்ள அக்கா,

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகள் டாக்டராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள், ஆனால் கல்லூரியில் வரலாறுதான் மேஜர், அதாவது முதன்மைப் பாடம் என்கிறாள். பயாலஜி எடுக்காமல் மெடிக்கல் ஸ்கூலில் எப்படிச் சேர்ப்பார்கள்? பெயர்பெற்ற தனியார் கல்லூரி ஒன்றிலும் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. தனியாரில் செலவு இரண்டு மடங்குக்கும் மேல். கடன் வாங்கியாவது அங்கே சேர்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மகளை வரலாறு படிக்க விடுங்கள். அமெரிக்காவில் மருத்துவம் நான்கு வருடக் கல்லூரிக்கு அப்புறம்தான் என்பது உங்களுக்கே தெரியும், ஆனாலும் ஊரில் பார்த்துப் பழகிய அந்த 'பயாலஜி குரூப்' நம் மனசை விட்டுப் போவதில்லை. இங்கே மெடிக்கல் ஸ்கூல்கள் பார்ப்பது மேஜரை அல்ல, எடுத்த பாடங்களை. பெரும்பாலும் ஒரு வருட பயாலஜி, ஆர்கானிக்கும் சேர்த்து இரண்டு வருட கெமிஸ்ட்ரி, ஒரு வருட பிசிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி. இதையெல்லாம் முடித்துக்கொண்டே வரலாற்றில் பட்டம் வாங்கலாம். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க வாசிப்பு. வரலாறு, தத்துவம், கலை பற்றிய கட்டுரைகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும், அறிவியலே வராது. உங்கள் மகளுக்கு அது கைவந்த கலையாக இருக்கும்.

ஆனால் ஒன்று, அறிவியல் பாடங்களின் ஜிபிஏவை, அதாவது கிரேடுகளின் சராசரியைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். வரலாற்றில் வாங்கும் ஏ கிரேடுகள் அதில் சேராது. என் அண்ணன் மகள் இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கினாள். அந்த விடுமுறை முழுக்க சாப்பாட்டு மேசையில் மூலக்கூறு மாதிரி செய்யும் கறுப்பு, சிவப்பு பிளாஸ்டிக் உருண்டைகளைக் குச்சியில் கோத்து, கழற்றி, மறுபடி கோத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தோசையை எங்கே வைப்பது என்று தட்டோடு நிற்பாள். மறுபடி எழுதி ஏ வாங்கிவிட்டாள், ஆனால் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் இரண்டு கிரேடும் கணக்கில் வந்தன. அந்த வருடம் அவள் கல்லூரியில் சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பெயரைப் பார்க்காதீர்கள், கேள்வி கேளுங்கள். முதல் வருட கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர்? தனியாக உட்கார்ந்து சொல்லித்தர ஏற்பாடு உண்டா? பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா? 'எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேர் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்கள்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்தி, முதல் வருடம் ப்ரீமெட் என்று, அதாவது டாக்டராகும் எண்ணத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர், கடைசியில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். சில கல்லூரிகள் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு, மெடிக்கல் ஸ்கூலுக்குக் கல்லூரிக் கமிட்டி எழுதும் சிபாரிசுக் கடிதமே தருவதில்லை. அவர்களில் பலர் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுவார்கள், சதவீதம் மட்டும் உயர்ந்து நிற்கும்.

கடன் விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன், இப்போது வாங்க வேண்டாம். பெரிய செலவு அப்புறம்தான் வரப்போகிறது. முன்பு மெடிக்கல் ஸ்கூல் செலவு முழுவதற்கும் மத்திய அரசின் கடன் கிடைத்தது. 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். பல தனியார் மெடிக்கல் ஸ்கூல்களில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. மீதிக்கு வங்கியிடம் நிற்க வேண்டியிருக்கும், அப்போது உங்கள் கையில் பணம் இருந்தால் அவளுக்கு எவ்வளவு தெம்பு!

இன்னொன்று, கிரீன் கார்டு பற்றி நீங்கள் எழுதவில்லை. அவள் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்4 விசாவில் இருந்தால் 21 வயதில் அது முடிந்துவிடும், பல அரசு மெடிக்கல் ஸ்கூல்கள் கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்ப்பதும் இல்லை. அப்படியென்றால் உடனே எழுதுங்கள், அதைத் தனியாகப் பேச வேண்டும். இல்லையென்றால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுங்கள், முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியோடு அவளுக்குப் பிடித்த ஒரு வரலாற்று வகுப்பும் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா